பழைய காரின் சந்தோஷம்



சென்ற மாதம் பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த சமயம், பெரியவர்கள் மூவர் என்னை வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போய் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்கி நின்றார்கள். கடைசியில் மூத்தவர் வாய் திறந்தார். "சாமி கோவிச்சுக்கக் கூடாதுங்க. நம்ம பங்குச் சாமி இந்த டப்பா வண்டியில கலியாணத்துக்கு வந்து எறங்கறது எங்களுக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு புது வண்டி எடுத்துக் குடுத்தர்றோமுங்க."

அவர்கள் அன்பை நான் அறிவேன். அவர்கள் மனம் நொந்த காரணத்தையும் அறிவேன். அவினாசி ரோட்டிலுள்ள ஒரு கலியாண மண்டபத்தில், வாசலில் நின்ற காவல்காரர் என் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சமையல் சாமான் வண்டியெல்லாம் பின்பக்கம்" என்று கை காட்டிய கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. (பின்பக்கம் போனதால் முதல் பந்திக்கு முன்பே எனக்குச் சூடாக மைசூர்பாகு கிடைத்தது என்பது மட்டும் பரவவில்லை.) பதிலை யோசித்துச் சொல்கிறேன் என்று அன்று சொன்னேன். யோசிக்க யோசிக்க, அது வாயால் சொல்லக்கூடிய பதிலாக இல்லாமற் போயிற்று. ஆகையால் எழுதுகிறேன்.

முதலில் அந்த வண்டியைப் பற்றி. அது 1998ம் வருஷத்து மாருதி 800. இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: இந்த மாடலின் முதல் காருக்கான சாவியை 1983 டிசம்பர் 14ம் தேதி அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி ஒருவர் கையில் கொடுத்தார். அதுவரை நம் நாட்டில் சொந்தக் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர் அல்லது பியட். அதுவும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று சிலிண்டரும் 796 சி.சி. எஞ்சினும் உள்ள இந்தச் சின்ன வண்டிதான், அநேக குமாஸ்தாக்களையும் வாத்தியார்களையும் ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் உட்கார வைத்தது. 25 லட்சத்துக்கு மேல் விற்றபின், 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதே வருஷம் மே மாதத்தில் வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசடரும் நின்றது. ஒரே வருஷத்தில் இரண்டு சாவு வீடு என்று எங்கள் மெக்கானிக் சொல்வார்.

என் வண்டி ஒரு பஞ்சாலைக் குமாஸ்தாவிடமிருந்து வந்தது. அவர் அதை இருபது வருஷம் வைத்திருந்தார். ஒரு நல்ல மிதிவண்டியும் ஒரு கைப்பேசியும் வாங்கும் பணத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேன், அவ்வளவுதான். சாவியைத் தரும்போது, "காலையில சோக்கு இழுத்துட்டு ஒரு நிமிஷம் அது பாட்டுக்கு விட்ருங்க சாமி, அவசரப்படுத்தாதீங்க" என்று, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனைப்போலச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் இந்த வண்டியின் முதல் சந்தோஷம் இருக்கிறது. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் அது முதலில் இருமும், பிறகு உறுமும், பிறகு மெல்ல மெல்லச் சீராகும். அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இது நம் ஊருக்குப் புதிதல்ல. பன்னிரண்டு தறி ஓடும் கூடத்தில் ஒரு தறி நின்றால், பக்கத்து அறையில் அயர்ந்து தூங்கும் தறிக்காரர் உடனே எழுந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். இரைச்சல் அவரை எழுப்பவில்லை. இரைச்சலில் விழுந்த ஓட்டை எழுப்பிற்று. அந்தக் காது அவருக்கு விலைக்குக் கிடைத்ததல்ல. பழைய யந்திரத்தோடு பழகினவனுக்கு மாத்திரம் வருவது அது. என் வண்டி ஓடும்போது வலது பின்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்கும். அது ஜாக்கி உருளும் சத்தம். இடது முன்பக்கத்தில் கேட்டால் பட்டறைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு சிறுபிள்ளையின் மகிழ்ச்சி உண்டானது என்பதை மறைக்கமாட்டேன்.

நமக்குப் பக்கத்திலே, சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டு மோகங்கொண்டு, கோயமுத்தூர் ஓட்டலில் வேலை செய்து பணஞ் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றிக் காட்டியதோடு நின்றிருந்தால் நாம் அவரை மறந்திருப்போம். அவர் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினாரென்றால், அதற்கு அஸ்திவாரம் அந்தக் கழற்றி மாட்டினதுதான். அது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி என்பதை நான் அடிக்கடி நினைப்பேன். பளபளக்கும் புதுச் சாமானைக் கழற்ற நம் கை துணியாது. கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் கையைப் பிடித்துக்கொள்ளும். பழசின் முன்னால்தான் மனிதன் பயமற்ற மாணாக்கனாகிறான்.

பயம் என்ற சொல் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

குருமடத்தில் எங்களுக்கு ஒழுக்க நூல் கற்பித்த வயோதிகக் குருவானவர், சொத்துரிமை பற்றிய பாடத்தில் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் சொன்ன ஒரு வேற்றுமையை அழுத்தமாய் எடுத்துக் காட்டுவார். ஒரு பொருளைச் சம்பாதிப்பதும் பராமரிப்பதும் தனி மனிதனுக்கு உரியதாக இருக்கலாம். ஆனால் அதை உபயோகிக்கும் விஷயத்தில், பிறருக்குத் தேவை வந்தால் தடையின்றிக் கொடுக்கும்படி, பொதுப்பொருளைப்போல் வைத்திருக்க வேண்டும் என்பது அது. பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இருபது வயதில் என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தகரப் பெட்டி. அதைப் பொதுப்பொருளாக வைத்திருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

பிறகு எனக்கும் ஒரு புதுக் கார் வந்தது. உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். நான் இந்தப் பங்குக்கு வந்தபோது என் சகோதரர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. உள்ளே ஆசனங்களெல்லாம் பாலேடு நிறம். முதல் கீறல் விழுந்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பூசைக்கு வரும் பிள்ளைகள் அதன் மேல் சாய்ந்தால் உபதேசியார் விரட்டுவார். விரட்டச் சொன்னது நானல்ல, ஆனால் விரட்டாதே என்றும் நான் சொன்னதில்லை.

ஓர் ஐப்பசி மாதம். மழை தூறிக்கொண்டிருந்தது. இரவு பதினொன்றரை மணி இருக்கும். பங்களாக் கதவைத் தட்டினார்கள். இராத்திரி ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்த நம் பங்குச் சகோதரர் ஒருவரை நாடா பறந்து வந்து அடித்துவிட்டது. மரத்தால் செய்து முனையில் இரும்பு வைத்த நாடா தறியை விட்டுப் பறந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புருவத்தின் மேல் பட்டிருந்தது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டு வாசலில் நின்றார்; துண்டு முழுவதும் சிவந்து மணிக்கட்டு வழியாக வடிந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று கேட்டு, நான் இருக்கிறேனென்ற நம்பிக்கையில் வந்திருந்தார்கள்.

சாவி என் கையில் இருந்தது. வண்டி பத்தடி தூரத்தில் நின்றது. நான் அந்த இரத்தத்தைப் பார்த்தேன். பிறகு கார்க் கதவைப் பார்த்தேன். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி உள்ளே போனேன். ஆசனத்தின் மேல் விரிக்க ஒரு போர்வை தேடினேன். கைக்கு அகப்பட்டது ஒரு புதுப் போர்வை. அதை வைத்துவிட்டு இன்னொன்று தேடினேன். எடுத்து வந்து பின் ஆசனத்தில் விரித்து, ஓரங்களை மடித்துச் செருகி, பிறகு அவரை ஏற்றினேன். அரை நிமிஷம் இருக்கும். முக்கால் நிமிஷமாகவும் இருக்கலாம்.

கருமத்தம்பட்டி வழியாக அவினாசி ரோட்டைப் பிடித்து கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தோம். கண் தப்பியது. தையல் போட்டார்கள். அந்த அரை நிமிஷத்தால் அவருக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. நேர்ந்தது எனக்கு. விடியற்காலையில் திரும்பி வந்து ஆசனத்தைப் பார்த்தேன். ஒரு துளி கறையில்லை. அந்த வெள்ளையைப்போல் என்னை வெட்கப்படுத்தினது வேறொன்றுமில்லை.

அந்த இரவின் காரணமாகத்தான் காரை விற்றேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அடுத்த வருஷம் என் தாயாரின் ஆபரேஷனுக்குப் பணம் தேவைப்பட்டது, விற்றேன். விற்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த தொகையில்தான் குமாஸ்தாவின் மாருதி வந்தது. ஆகவே இந்த ஏழ்மையில் என் புண்ணியம் ஒன்றுமில்லை.

ஆனால் பழைய வண்டி வந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். சாவி இப்போது உபதேசியார் வீட்டுத் திண்ணையில் ஆணியில் தொங்குகிறது. கோன் நூல் மூட்டைகள் அதில் போயிருக்கின்றன. திருநாளுக்கு ஒலிபெருக்கிக் குழாய்கள், ஒரு தடவை இரண்டு ஆட்டுக்குட்டிகள், பிரசவ வலியெடுத்த ஒரு பெண், வாந்தி எடுத்துக்கொண்டே வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எல்லோரும் போயிருக்கிறார்கள். ஒரு தடவைகூட நான் ஆசனத்தைப் பார்க்கவில்லை. தூசி படிந்த கண்ணாடியில் பிள்ளைகள் விரலால் படம் வரைகிறார்கள். போன வாரம் வரைந்தது என்னைப்போலவே இருந்தது. மூக்கு மட்டும் அநியாயம்.

இப்போது நான் பிடிவாதமாய்க் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். அன்று போர்வை தேடினவனும் இன்று தேடாதவனும் ஒரே மனிதன். இடையில் அவன் திருந்திவிட்டானா, அல்லது வண்டியின் விலை மட்டும் குறைந்ததா? குறைந்தது விலைதான் என்றால் அதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது? பத்து ரூபாய் கைக்குடையை இரவல் கொடுக்கிறவனைத் தாராள மனசுக்காரன் என்று யாரும் புகழ்வதில்லையே.

உள்ளதைச் சொன்னால், குறைந்தது விலைதான். நாளைக்கே ஒரு புது வண்டியை நிறுத்தினால் ஆறு மாதத்தில் நான் பழைய ஆளாகிவிடுவேன் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஆனால் பாவ சந்தர்ப்பத்தை விலக்க வேண்டும் என்று நாம் ஞானோபதேசத்தில் படித்தோமே, அதன் பொருள் என்ன? தன் பலவீனம் தெரிந்த குடிகாரன் சாராயக் கடை இல்லாத வீதி வழியாக வீட்டுக்குப் போகிறான். அவன் பலசாலி அல்லன்; ஆனாலும் வீடு போய்ச் சேருகிறான். என் பழைய கார் அப்படிப்பட்ட ஒரு வீதி.

காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2013 ஜூலையில் குருமாணவரிடமும் நவசந்நியாசிகளிடமும் பேசும்போது, புதிய மாடல் காரில் ஒரு குருவையோ கன்னிகையையோ காண்பது தமக்கு மனநோவைத் தருகிறதென்றும், வேலைக்குக் கார் வேண்டும்தான், ஆனால் எளியதாய் இருக்கட்டும் என்றும் சொன்னார். அடுத்த இரண்டு மாதத்தில் இத்தாலி நாட்டு வெரோனா நகரத்திலிருந்து ரென்சோ சொக்கா என்ற குருவானவர், தொழிலாளர் குடியிருப்பில் தாம் ஊழியத்துக்கு ஓட்டிய வெள்ளை நிற ரெனோ 4 காரை அவருக்குக் கொடுத்தார். 1984ம் வருஷத்து வண்டி. 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பாப்பரசரும் அர்ஜென்டீனாவில் அதே மாதிரி வண்டி வைத்திருந்தவர். ஆகையால் ஓட்டத் தெரியுமா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இதை நான் என் வக்கீலாகக் கூப்பிடவில்லை. தாயாரின் ஆபரேஷன் வராதிருந்தால், அந்த உபதேசத்தை வாசித்த பிறகும் பாலேடு நிறத்திலேயே சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

இதில் வேறோர் அபாயமும் உண்டு. மேற்றிராசன இல்லத்தில் குருக்கள் கூட்டத்துக்குப் போகும்போது, முற்றத்தில் நிற்கும் பெரிய வண்டிகளுக்கு நடுவே என் மாருதியைக் கொண்டுபோய் நிறுத்துவேன். இறங்கும்போது உள்ளுக்குள் ஒரு கிளுகிளுப்பு. அதைப் பழைய காரின் சந்தோஷம் என்று சிறிது காலம் எண்ணியிருந்தேன். அது அல்ல. கலியாண மண்டபத்துக் காவல்காரரின் எடைபோடுதல்தான் அது. தராசைத் தலைகீழாகப் பிடித்தேன், அவ்வளவே. உருகுவே நாட்டு ஜனாதிபதியாக 2010 முதல் 2015 வரை இருந்த ஹோசே முஹிகா, 1987ம் வருஷத்து நீல நிற வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டி ஒன்றை வைத்திருந்தார். அதன் புகழ் உலகமெங்கும் பரவி, 2014ல் ஒரு அரபு ஷேக் அதற்குப் பத்து லட்சம் டாலர் தர முன்வந்தார். அவர் விற்கவில்லை. அந்த மனிதர் பெரியவர், சந்தேகமில்லை. ஆனால் பத்து லட்சம் டாலர் பேசப்பட்ட வண்டியை அதற்குப் பிறகு மலிவான வண்டி என்று எப்படிச் சொல்வது? மலிவான பொருளின் சுகம், அதை யாரும் கவனிக்காமலிருப்பதில் இருக்கிறது. கூட்டத்துக்கு இப்போது நான் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிறேன்.

நிற்க. பழசைப் புகழ்ந்துகொண்டே போகிறவன் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தை எனக்குக் காட்டினது அதே நாடாதான்.

அது பறந்த தறியும் பழைய தறி. நாடாவை அடித்து விரட்டும் கட்டை தேய்ந்து போயிருந்தது. தடுப்புக் கம்பி எப்போதோ கழன்று விழுந்து, திரும்ப மாட்டப்படவில்லை. தறி வைத்திருந்தவர் கெட்டவரல்லர். கூலி உயராமல், கடனுக்கு மேல் கடன் வாங்கி, உள்ளதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். அவரிடம் போய்ப் பழைய யந்திரத்தின் இனிமையைப் பற்றி நான் பேசினால் அவர் என்ன சொல்வார்? எனக்கு வேண்டாமென்றால் புது வண்டி தர மூன்று பெரியவர்கள் வேப்ப மரத்தடியில் காத்திருக்கிறார்கள். அவருக்கு யாரும் புதுத் தறி தரக் காத்திருக்கவில்லை. வேறு வழி இருக்கிறவனுக்குப் பழசு ஒரு ருசி. வழி இல்லாதவனுக்கு அது ஒரு கதி. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அநீதி.

அதைவிட முக்கியமாக, பழசுக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் வண்டி மழையில் நின்று நான் நனைந்தால் அது என் கணக்கு. அன்று கழன்றிருந்த கம்பியின் விலையைக் கொடுத்தது உரிமையாளரின் புருவம் அல்ல. ஆகையால் நான் சில விஷயங்களில் கஞ்சத்தனம் செய்வதில்லை. பிரேக், டயர், விளக்கு ஆகியவற்றை மெக்கானிக் சொன்ன அன்றே மாற்றிவிடுவேன். புகைச் சோதனையில் ஒரு தடவை தோற்றபோது கார்புரேட்டரைப் பிரித்துச் சீராக்கும் வரை வண்டியை எடுக்கவில்லை. என் பின்னால் மொபெட்டில் வரும் அம்மிணியின் நுரையீரல் என் எளிமைக்கு ஏன் வரி கட்ட வேண்டும்? காரின் பதிவு முதலில் 15 வருஷத்துக்கும், பிறகு தகுதி பார்த்து 5, 5 வருஷமாகவும் புதுப்பிக்கப்படுகிறது. பரிசோதனை அதிகாரியின் முன் நிற்கும்போது, பள்ளிக்கூடப் பையனைப்போல எனக்கு மார்பு அடித்துக்கொள்கிறது, அடித்துக்கொள்ளட்டும். காற்றுப்பை இல்லாத இந்தச் சின்னத் தகடு பெரிய லாரியின் முன் எம்மாத்திரம் என்பதும் தெரியும். அதனால் நாற்கரச் சாலையில் மெதுவாக, இடது ஓரமாகத்தான் போகிறேன். தாண்டிப் போகிற நம் பங்கு வாலிபர்கள் கை அசைக்கிறார்கள். தேறாது என்று ஒருநாள் மெக்கானிக் சொல்லிவிட்டால், அன்றைக்கு மாரடிக்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன். அந்தத் தீர்மானமும் எழுதி அவரிடம் இருக்கிறது.

ஆகவே பெரியவர்களே, புது வண்டி இப்போது வேண்டாம். ஆனால் நீங்கள் சேர்க்க நினைத்த பணத்தை நான் விட்டுவிடப் போவதில்லை. நம் பங்கில் தறி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை தறிகளில் நாடாத் தடுப்புக் கம்பி கழன்றிருக்கிறது என்று உபதேசியாரும் இரண்டு வாலிபர்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீடு வீடாக வந்து கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். யார் பெயரையும் இந்தத் தாளில் போடமாட்டோம்.

இனி ஒன்று பாக்கி. அடிபட்ட சகோதரர் இரண்டு மாதத்துக்கு முன் சாவி கேட்டு வந்தார். மகளைக் காலேஜில் சேர்க்கக் கோயமுத்தூர் போக வேண்டியிருந்தது. புருவத்துத் தழும்பு இப்போது மங்கிவிட்டது. புறப்படும் சமயம் திரும்பி நின்று சொன்னார்: "அன்னைக்கு மழையில நடுங்கிட்டு நின்னனுங்க சாமி. அந்த அவசரத்துலயும் உள்ள போயி போர்வை கொண்டாந்து விரிச்சு உக்கார வெச்சீங்க பாருங்க. என்ற ஊட்டுக்காரி இன்னைக்கும் அதச் சொல்லிட்டிருப்பாளுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன்.

அவர் இந்தத் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். இந்த வாரமும் வாசிப்பார். எட்டு மணிப் பூசை முடிந்து நான் வாசலில்தான் நிற்பேன்.